‘எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம்’ என்று விவசாயிகளே சொன்ன அணை: ஒரத்துப்பாளையத்தில் நடந்தது என்ன?

அணையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் மறியல் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மேட்டூர், பவானிசாகர், அமராவதி என எந்த அணையை எடுத்தாலும் அப்படி ஒரு கதை இருக்கும். ஆனால் ‘இந்தத் தண்ணியைத் திறக்கவும் வேண்டாம், தேக்கவும் வேண்டாம்’ என்று பாசன விவசாயிகளே சொன்ன அணை ஒன்று கொங்கு மண்டலத்தில் இருக்கிறது. அதுதான் நொய்யல் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணை.

சுமார் 16 கோடி ரூபாய் செலவில் 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20,000 ஏக்கர் வானம் பார்த்த பூமிக்குப் பாசனம் கொடுப்பது நோக்கம். கட்டி முடித்துச் சில ஆண்டுகளிலேயே அந்த நோக்கம் கைவிட்டுப் போனது. ஒரு கட்டத்தில், தண்ணீரே தேக்காமல் மதகுகளைத் திறந்து வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது.

அணைன்னா தண்ணி தேக்கத்தானே கட்டுவாங்க? அப்புறம் எப்படி இப்படி ஆனது?

அணை எங்கே இருக்கிறது?

ஈரோடு – திருப்பூர் மாவட்ட எல்லையில், சென்னிமலைக்குத் தென்மேற்கே இருக்கிறது ஒரத்துப்பாளையம். திருப்பூரிலிருந்து சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். பவானிசாகர் போல இங்கே பூங்கா கிடையாது, பொரித்த மீன் கடைகள் கிடையாது, சுற்றுலாக் கூட்டமும் கிடையாது. நீண்ட மண்கரை, நடுவே மதகுகளோடு கான்கிரீட் கட்டுமானம், பின்னால் அகலமாக விரிந்து கிடக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதில் சீமைக்கருவேலம். சுற்றிலும் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகள். இவ்வளவுதான்.

அணையின் உயரம் 40 அடி. கொள்ளளவு 616 மில்லியன் கன அடி, அதாவது முக்கால் டிஎம்சி கூடக் கிடையாது. பவானிசாகரின் 32.8 டிஎம்சியோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நீதிமன்றத்தில் இந்தச் சின்ன அணை பட்ட பாடு பெரிய அணைகள் பலவும் படாதது.

அணைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சங்கதியும் உண்டு. சில கிலோமீட்டர் மேற்கே, ஆற்றின் வடகரையில்தான் கொடுமணல் இருக்கிறது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கி, மணி கோத்து, வெளியூர்களோடு வணிகம் செய்த தொழில் நகரம் அது. அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்து பொறித்த பானை ஓடுகளோடு, நூல் நூற்கப் பயன்படும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் பஞ்சும் நூலும் நேற்று வந்த தொழில் அல்ல. ஆற்றைச் சீரழித்தது தொழில் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். எந்தத் தொழில், எந்த வேகத்தில், எதை ஆற்றில் விட்டது என்பதுதான் கேள்வி.

ஏன் இங்கே அணை கட்டினார்கள்?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடி, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 170 கிலோமீட்டர். காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். பேரூர் பட்டீசுவரர் கோயில் இருப்பதும் இந்தக் கரையில்தான்.

இது வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. மலையில் மழை பெய்தால் நாலு நாள் கரைபுரண்டு ஓடும், அப்புறம் மணல்தான். அதனால்தான் பழங்காலத்திலேயே வழியெங்கும் தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். கோவையின் உக்கடம் பெரியகுளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள்தான். ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பலன் மேல்பகுதிக்குத்தான் அதிகம். கடைசியில் இருக்கும் கரூர் பக்கத்துக் காடுகளுக்கு எதுவும் மிஞ்சாது. வெள்ளம் அவர்கள் கண்முன்னே ஓடிக் காவிரியில் கலந்துவிடும். அந்த வெள்ளத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் என்ன என்பதுதான் ஒரத்துப்பாளையம் திட்டம். இங்கே தேக்கி, கீழே சின்னமுத்தூரில் திருப்பி, ஆத்துப்பாளையம் என்ற இன்னொரு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாய்ச்சலாம் என்று திட்டமிட்டார்கள். திட்டத்தில் தவறு சொல்ல முடியாது. தவறியது காலம்.

அணை வந்த நேரமும் பனியன் வந்த நேரமும்

திருப்பூரில் பனியன் உற்பத்தி சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் நீண்ட காலம் அது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்தான். வெள்ளை பனியனுக்குச் சலவை போதும், சாயம் பெரிதாகத் தேவையில்லை. 1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் டி-ஷர்ட் ஏற்றுமதி சூடுபிடித்தது. வெளிநாட்டுக்காரன் கேட்டது கலர். சிவப்பு, நீலம், கறுப்பு என ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கலர். ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் சாயப்பட்டறைகள் மளமளவென முளைத்தன. 700-ஐத் தாண்டியது எண்ணிக்கை.

1992-ல் அணை தயாரானபோது, அதற்கு மேலே இருந்த ஊர் நாட்டின் பனியன் தலைநகராக மாறிக்கொண்டிருந்தது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் நொய்யலில் ஓடிய தண்ணீரில் பெரும்பகுதி சாயக்கழிவும் ஊர்ச் சாக்கடையும்தான். வெள்ளத்தைப் பிடிக்கக் கட்டிய அணை, வருடம் முழுக்கக் கழிவைப் பிடித்தது.

கலர் பிரச்சினையா, உப்பு பிரச்சினையா?

சாயக்கழிவு என்றதும் சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆறுதான் நினைவுக்கு வரும். உண்மையில் விவசாயத்தைச் சாய்த்தது கலரை விட உப்புதான்.

பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. அந்த விலகலைக் குறைத்து, சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடும் வேலையைச் செய்வது உப்பு. நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு அல்லது கிளாபர் சால்ட் எனப்படும் சோடியம் சல்பேட். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 30 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். அடர்ந்த கலர் என்றால் இன்னும் அதிகம். வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு போகாது. போட்ட உப்பு அப்படியே கழிவுநீரில் வெளியே வரும்.

1990-களில் அமைத்த சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றது இந்த இடத்தில்தான். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் கலர் கசடாகப் படிந்துவிடும், தண்ணீர் பார்க்கத் தெளிவாகத் தெரியும். ஆனால் கரைந்திருக்கும் உப்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும்.

தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவைத்தான் டிடிஎஸ் என்கிறார்கள். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தொழிற்சாலைக் கழிவுக்கான வரம்பு 2,100. சாயக்கழிவில் 5,000-க்கும் மேல் இருப்பது சாதாரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சத்தில் திருப்பூர் பட்டறைகளிலிருந்து நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் அதிகமான கழிவுநீர் வெளியேறியது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று வைத்தாலே, நாளுக்கு 400 டன். பத்து டன் லாரி 40 வண்டி உப்பைத் தினமும் ஆற்றில் கொட்டுவதற்குச் சமம்.

அணை இல்லாமல் இருந்திருந்தால்?

இந்தக் கேள்வி பலருக்கும் வரும். அணை இல்லாவிட்டாலும் ஆறு கெட்டுத்தான் போயிருக்கும். ஆனால் அந்த உப்பு ஓடிக்கொண்டே இருந்திருக்கும், வெள்ளம் வரும்போது கரைந்து காவிரிக்குப் போயிருக்கும். அது காவிரிக்கு நல்லதா என்பது தனி விவகாரம். அணை வந்த பிறகு அந்த உப்பு ஓரிடத்தில் நின்றது. கொங்கு வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே நாளாக ஆக உப்பின் அடர்த்தி கூடிக்கொண்டே போனது. அடியில் சாயக்கசடு படிந்தது. தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளுக்குப் பரவியது.

அணை வந்தால் கிணறு ஊறும் என்பது விவசாயிகளின் அனுபவம். இங்கேயும் ஊறியது. ஆனால் ஊறியது உப்புத் தண்ணீர்.

சோடியம் அதிகமுள்ள தண்ணீர் பாய்ந்தால் மண்ணின் கட்டமைப்பே குலையும். களிமண் துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும், மண் இறுகும், மேலே விட்ட தண்ணீர் கீழே இறங்காது. காய்ந்ததும் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கரும்பு, மஞ்சள், வாழை போட்ட தோட்டங்களில் அவை வராமல் போயின. கரையோரக் கிராமங்களில் மாட்டுக்குக் காட்டும் தண்ணீரைக் கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதானது. வீட்டு வாசலில் அணை, குடிக்க லாரித் தண்ணீர் என்பதுதான் ஒரத்துப்பாளையம் சுற்றுவட்டாரத்தின் நிலை.

இன்னொரு முரணும் உண்டு. தன் பக்கத்துத் தண்ணீர் எதுவும் சாயத்துக்கு உதவாது என்றானதும், திருப்பூர் 50 கிலோமீட்டருக்கும் அப்பால் பவானி அருகே காவிரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்தத் திட்டம் 2000-களின் நடுவில் செயல்பாட்டுக்கு வந்தது. தொழிலுக்கு நல்ல தண்ணீர் தேடிப் போக ஒரு வழி கிடைத்தது. கீழே இருந்த விவசாயிக்கு அப்படி ஒரு குழாய் இல்லை.

கோர்ட்டுக்குப் போன ஆயக்கட்டு

முதலில் சட்டப் படியேறியது கரூர் பக்கத்து விவசாயிகள். 1996-ல் கரூர் வட்ட நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்று 1998-ல் உத்தரவு வந்தது. நிலையங்கள் வந்தன, உப்பு போகவில்லை.

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் அடுத்த வழக்கைத் தொடுத்தது. பிறகு பல ஆண்டுகள் தலைப்புச் செய்தியாக இருந்தது இந்த வழக்குதான். இதற்கிடையே, சூழல் இழப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் பாதிக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்குப் பிரித்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் கூட வராது. ஒரு போர்வெல் போடும் காசு கூட இல்லை. ஆனால் ‘கெடுத்தவர்தான் செலவைத் தர வேண்டும்’ என்ற கொள்கை முதல்முறையாக இந்த ஆற்றங்கரையில் ரூபாயாக மாறியது என்ற வகையில் அது சின்ன விஷயமில்லை.

அணையில் பல ஆண்டாகத் தேங்கிய கழிவுநீரை என்ன செய்வது என்பது பெரிய தலைவலியானது. திறந்தால் கீழே உள்ள ஊர்களுக்குச் சேதம், தேக்கினால் சுற்றியுள்ள கிணறுகளுக்குச் சேதம். கடைசியில், ஆற்றில் வெள்ளம் போகும் காலம் பார்த்து, கரைத்து வெளியேற்றும் வழி கையாளப்பட்டது. அதற்குப் பிறகு தேக்காமல் விடுவதே நடைமுறையானது. அணையைச் சுத்தம் செய்யும் செலவும் சாயப்பட்டறைகளின் தலையில் விழுந்தது.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பிடியை இறுக்கியது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி அபராதம் கட்ட வேண்டும் என்றது. சாயத் தொழிற்சாலை உரிமையாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கானோருக்கு வேலை என எல்லா வாதமும் வந்தது. 2009 அக்டோபர் 6-ல் வந்த தீர்ப்பு அதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் கெட்டுப்போன சூழலை மீட்கும் செலவிலிருந்து தொழில் தப்ப முடியாது என்று சொல்லி, கழிவை முழுமையாக நிறுத்த மூன்று மாதம் கெடு கொடுத்தது.

கெடு முடிந்தும் ஆறு மாறவில்லை. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டார்கள்.

2011 ஜனவரி 28: ஒரே நாளில் விழுந்த உத்தரவு

திருப்பூரில் உள்ள எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டும், மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. ஊரே ஸ்தம்பித்தது. வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். ஆர்டரைக் காப்பாற்ற, துணி பக்கத்து மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயமேறப் போனது. போன இடங்களில் சிலவற்றில் இதே புகார் கிளம்பியது தனிக்கதை.

இதை ‘விவசாயி – முதலாளி’ சண்டை என்று சுருக்குவது கொங்கு நாட்டுக்குப் பொருந்தாது. திருப்பூர் கம்பெனி முதலாளிகளில் பலர் இதே பகுதியில் பண்ணையம் பார்த்த குடும்பங்களிலிருந்து போனவர்கள். தண்ணீர் கெட்டுத் தோட்டத்தை விட்டவர்களின் பிள்ளைகள் பவர் டேபிளில் உட்கார்ந்ததும் அதே ஊரில்தான். ஒரே சொந்தத்துக்குள் அண்ணன் பட்டறை வைத்திருக்க, தம்பி தோட்டத்தில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய கதைகள் இங்கே சாதாரணம். வழக்கு அத்தனை வருடம் இழுத்ததற்கு இந்தப் பின்னலும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

தீர்வு எப்படி வந்தது? தொழில்நுட்பமும் காசும் சேர்ந்துதான். கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டினால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிஞ்சும் அடர் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும். ஆவியாக்குவதுதான் செலவு பிடிக்கும் வேலை. கரைசலை ஒரு கட்டம் வரை சுத்தம் செய்து, அந்த உப்புத் தண்ணீரையே திரும்பவும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை திருப்பூர் அருள்புரத்தில் கைகூடியது செலவைக் கொஞ்சம் குறைத்தது. 2011-ல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை மீட்டுத் திருப்பி அனுப்புகின்றன. ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. தொழில் அழிந்துவிடும் என்ற பயம் பலிக்கவில்லை.

இப்போது அணையில் என்ன நிலை?

பழைய நிலை இல்லை என்பது உண்மை. எல்லாம் சரியாகிவிட்டது என்பது உண்மையல்ல.

மழை வந்து ஆற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் நுரை பொங்குவதும், ‘மழையைச் சாக்கு வச்சுக் கழிவைத் திறந்து விட்டுட்டாங்க’ என்று புகார் எழுவதும் இன்றும் நடக்கிறது. உரிமம் இல்லாத சின்னப் பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வப்போது கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கிறது. கோவை, திருப்பூர் ஆகிய இரண்டு மாநகரங்களின் சாக்கடையும் நொய்யலுக்குத்தான் வருகிறது. சாயப்பட்டறையைக் கோர்ட்டுக்கு இழுத்த வேகத்தில் மாநகராட்சிச் சாக்கடையை யாரும் இழுக்கவில்லை.

நிலத்தடி நீர் கதை இன்னும் மெதுவானது. ஆற்றுத் தண்ணீர் ஒரு நல்ல வெள்ளத்தில் மாறிவிடும். கிணற்றில் இறங்கிய உப்பு அப்படிப் போகாது. மழைத் தண்ணீர் திரும்பத் திரும்ப ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைத்துத் தள்ள வேண்டும். அதற்கு அணையில் நல்ல தண்ணீர் தேங்கினால் உதவும். ஆனால் தேக்கும் தண்ணீர் நல்லதுதானா என்ற சந்தேகம் தீராமல் தேக்க விவசாயிகள் சம்மதிக்க மாட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது.

ஆனாலும், நல்ல மழை பெய்த சில பருவங்களில் ஒரத்துப்பாளையத்தைக் கடந்து வெள்ளம் போய், கீழே ஆத்துப்பாளையத்திலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறந்ததும் உண்டு. கரூர் பக்கத்து வாய்க்கால்களில், பல ஆண்டுகளாகப் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடியது.

மேட்டூரிலோ பவானிசாகரிலோ தண்ணீர் வருகிறது என்றால் விவசாயி ஒரே கேள்விதான் கேட்பார்: எத்தனை கன அடி? ஒரத்துப்பாளையத்தில் இரண்டு கேள்வி. வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, டிடிஎஸ் எவ்வளவு? மழைக்காலத்தில் நீர்வளத் துறையினர் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாவது எண் இறங்கிய பிறகே கீழ்ப்பகுதி விவசாயிகள் வாய்க்காலைத் திறக்கச் சொல்கிறார்கள்.